வைரம் வாங்கினால் ஓடு ஒழுகாதா? மூன்று படி வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய செட்டிநாட்டு ஓட்டு வீடுகளைப் பார்த்துக்கொள்ள இப்போது ஆண்டு ஒப்பந்தம் போட்டுத் தருகிறார்கள். அப்படி ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தப் பத்திரத்தையும் வேலையையும் பற்றியது இந்த மதிப்புரை. இதே வாசகங்கள் முன்பின்னாக மற்றவர்களிடமும் ஓடுவதால் பெயர் தேவையில்லை. வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று படி. வெள்ளிக்கு வருடம் 4 வருகை, தங்கத்துக்கு 12, வைரத்துக்கு 24. தங்கத்தின் கட்டணம் வெள்ளியைப் போல் இரண்டரை மடங்கு, வைரம் ஐந்து மடங்கு.

வருகை எண்ணிக்கையை வைத்துப் படி பிரித்ததுதான் இதில் முதல் கோளாறு. லிஃப்டுக்கும் ஏசிக்கும் அது சரிப்படும், மாதா மாதம் ஒரே வேலை. ஓட்டு வீட்டுக்கு வேலை மாதக் கணக்கில் வருவதில்லை, மழைக் கணக்கில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி பிறந்த கையோடு இறங்கும். அதற்குள் இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் கூடல்வாயிலும், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத் தகரத்திலும் சேர்ந்த வேப்பஞ்சருகை அள்ளியாக வேண்டும். தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் ஒரு கைப்பிடிச் சருகு அடைத்தால் போதும், தகரம் நிரம்பி வழிந்து, தண்ணீர் பின்பக்கமாக ஏறி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் நுனியை நனைக்கும். வெளியே சொட்டாததால் யாருக்கும் தெரியாது. இரண்டு மழைக்காலம் இப்படி நனைந்தால் நுனி சோறாகிவிடும்.

ஆகவே வெள்ளியின் 4 வருகையே கூடப் போதும், மாதம் சரியாக விழுந்தால். பத்திரத்தில் 'காலாண்டுக்கு ஒரு வருகை' என்று இருப்பதை அடித்துவிட்டு ஆவணி, புரட்டாசிக் கடைசி வாரம், கார்த்திகை நடு, பங்குனி என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் மறுப்பதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் சித்திரையில் ஆள் வந்து, துடைத்த மாதிரி இருக்கும் தகரத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போகிறார்.

அடுத்தது நேரம். தங்கத்தில் '24 வேலை மணி நேரத்துக்குள் பதில்' என்கிறது பத்திரம். வேலை நேரம் என்பது காலை 9 முதல் மாலை 6 வரை, ஞாயிறு விடுமுறை என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வீட்டுக்குள், பட்டாலை என்ற கூடத்தில் தண்ணீர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று 2 மணி, திங்கள் 9, செவ்வாய் 9, ஆக 20. மீதி 4 மணி நேரம் புதன் மதியம் 1 மணிக்கு முடியும். அந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தாலும் ஒப்பந்தப்படி 'பதில்' கொடுத்தாகிவிட்டது! ஏணியோடு ஆள் எப்போது வருவார் என்பதற்கு ஒரு வரி கிடையாது.

இதற்கு மூன்று நேரத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும்: புகாரைப் பதிந்து எண் கொடுப்பது, ஆள் வீட்டு வாசலில் நிற்பது, வேலை முடிவது. மூன்றாவது உடனே முடியாத வேலை என்றால், தார்ப்பாய் போட்டுத் தண்ணீரை நிறுத்துவது போன்ற தற்காலிக ஏற்பாடு எத்தனை மணி நேரத்தில் என்று இருக்கட்டும். எது அவசரம் என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கும் என்று இப்போது இருக்கிறது. அது ஆகாது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அறிகுறியை வைத்து எழுதினால் தகராறு வராது. வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், சுவரிலோ குழாயிலோ கரண்ட் அடித்தால், முகப்புக் கதவு பூட்ட முடியாமல் போனால் அவசரம், ஞாயிறும் சேர்த்தி. மோட்டார் ஓடாதது மறுநாள் வேலை. கீல் கிறீச்சிடுவது அடுத்த வருகைக்கு. நியாயமாக அவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லாவிட்டால் அந்த நேரத்தைக் கழித்துவிட வேண்டும், அதையும் எழுதுங்கள்.

பொருள் விஷயத்தில்தான் பத்திரம் மிக மொட்டை. வெள்ளியிலேயே 'சுவர் விரிசல் அடைத்தல்' சேர்த்தி என்று போட்டிருப்பது கவர்ச்சியாக இருக்கும். எதைக் கொண்டு அடைப்பது? வருகிறவர் கையில் இருப்பது வெள்ளை சிமெண்டும் டப்பா பட்டியும் (சுவர்ப் புட்டி)தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் அதை அப்பினால் அன்றைக்கு வழவழவென்று இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம் அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். முதலில் விளிம்பில் மயிரிழைக் கோடு, பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும். விரல் முட்டியால் தட்டினால் மற்ற இடத்தில் கெட்டியாகக் கேட்கும், அங்கே மட்டும் 'டொக்' என்று காலிச் சத்தம். கடைசியில் துண்டு தனியாக விழாது, பக்கத்தில் நன்றாக இருந்த பழைய பூச்சையும் ஒரு சாண் பெயர்த்துக்கொண்டுதான் விழும். நூறு வருடம் நின்ற பூச்சு, இலவசச் சேவையில் போய்விடும்.

ஆகவே ஒரு வரி: 'சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட், பட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன் எதுவும் படக்கூடாது. நீர்த்து ஊறவைத்த சுண்ணாம்பும் சலித்த மணலும் மட்டும், மெல்லிய பூச்சாக, முன்பூச்சு காய்ந்த பின் அடுத்தது.' இதைச் செய்யத் தெரிந்த கொத்தனார் வைரத்தில் மட்டும் வருகிறார். அந்த ஆளைத் தனிக் கூலிக்குக் கேட்டால் தங்கத்துக்கும் அனுப்புகிறார்கள், ஆனால் விளம்பரத்தில் இது இல்லை.

ஆத்தங்குடிக் கல்லுக்கும் இதே கதை. அது சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் சிமெண்ட் கல், மேலே நிறம் மெல்லிய படலம்தான். 'ஆழ்ந்த தரைச் சுத்தம்' என்று தங்கத்தில் வருவது ஆசிட் கழுவல். ஆசிட் சிமெண்டைத் தின்னும், பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும், பிறகு அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். வெற்றுத் தண்ணீர், தேவைப்பட்டால் லேசான சோப்பு, கடைசியில் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

இனி வைரம். இதன் பெரிய ஈர்ப்பு கறையான் மருந்து. தரையும் சுவரும் சேரும் மூலை நெடுக 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்துக் கரைசலை விடுவது வழக்கமான முறை. 20க்கு 12 அடி அறையின் சுற்றளவு 64 அடி, அதாவது 60க்கு மேல் துளை. மொசைக் தரையில் பரவாயில்லை. ஆத்தங்குடிக் கல்லில் போட்டு வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்தால், அறை முழுக்கப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். வெளிச்சுவர் ஓரம் மண்ணில் விடவும், உள்ளே கல்லும் கல்லும் சேரும் இணைப்பில் மட்டும் துளை போடவும் சொன்னால் செய்கிறார்கள், ஒரு நாள் கூடுதலாக ஆகும். மருந்தின் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி, எத்தனை துளை என்று வேலைச் சீட்டில் குறித்து வாங்கினால்தான் பின்னால் உத்தரவாதம் கேட்க முடியும். இன்னொன்று, வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றி இறுகிய பர்மாத் தேக்குத் தூணைக் கறையான் சுலபத்தில் தொடாது. சுவருக்குள் புதைந்த நிலைக்கால் அடி, பின்கட்டில் பிற்காலத்தில் போட்ட மட்ட மரச் சட்டம், பழைய கணக்கு நோட்டு அடுக்கிய அலமாரி, இவைதான் அதன் வழி. வருகிறவர் தூணைத் தட்டிக்கொண்டிருந்தால் அலமாரிப் பக்கம் கூட்டிப் போங்கள்.

மோட்டார், இன்வெர்ட்டர் பகுதி தேவலை. கெபாசிட்டர், ஸ்டார்ட்டர் தொடர்பு, வயர் முனை எல்லாம் தங்கத்தில் சேர்த்தி. மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) எரிந்தால் சேராது, அதுவும் நியாயம்தான். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது மூன்று படியிலும் உண்டு. 'சில்லறைப் பொருள் இலவசம்' என்பதற்கு மட்டும் ஒரு ரூபாய் வரம்பு போடச் சொல்லுங்கள். நாட்டு ஓடு எண்ணிக்கையில் இருக்கட்டும், வருடத்துக்கு இத்தனை ஓடு வரை கூலியும் சேர்த்து என்று.

பாராட்ட வேண்டியது கூரை ஏறும் ஆட்கள். ஓட்டின் நடுவே மிதிக்காமல் அடியில் கைமரம் ஓடும் வரிசையாகப் பார்த்துக் கால் வைக்கிறார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே கோணத்தில் தேதியோடு படம் வருகிறது. வெளியூரில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம்.

பங்காளிகள் சேர்ந்திருக்கும் வீட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலை பாக்கி. பத்திரத்தில் 'வீடு முழுவதும்' என்று இருக்கிறது. முகப்பும் வளவும் (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) இரண்டாங்கட்டும் பொது, உள்ளறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது தனிக் குடும்பத்துக்கும் தனி, சாவியும் தனி. பூட்டிய அறையைப் பார்க்காமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று சீட்டில் டிக் விழுகிறது. கையால் வரைந்த வீட்டுப் படம் ஒன்றை இணைத்து, பொது இடம், திறக்கும் அறை, திறக்காத அறை என்று குறித்து, சீட்டில் 'பூட்டியிருந்தது' என்று ஒரு கட்டமும் போடச் சொல்லுங்கள். திறக்காத அறைக்கும் மேலே கூரை ஒன்றுதான். ஆகவே ஓட்டு வேலையில் அறைக் கணக்கு கூடாது.

வருகை தவறினால் ஒப்பந்தத்தை அத்தனை நாள் நீட்டிக் கொடுப்போம் என்கிறார்கள். புரட்டாசியில் வராத வருகையைத் தையில் நீட்டி என்ன செய்வது? தவறிய வருகைக்குக் கட்டணத்தில் கழிவு என்று மாற்றுங்கள். முழுப் பணமும் முன்கூட்டிக் கேட்பார்கள், நான்கு தவணைக்கு இறங்கி வருகிறார்கள். சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரவில்லை.

எங்கள் மதிப்பெண் வெள்ளிக்கு 5க்கு 3, மாதங்களை மாற்றி எழுதினால் மட்டும். தங்கத்துக்கு 5க்கு 3.5. வைரம், விருந்தினர் தங்கும் விடுதியாக ஓடும் வீட்டுக்கு 4, வருடத்தில் பத்து நாள் திறக்கும் வீட்டுக்கு 2.

பெரும்பாலோர் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கையெழுத்துப் போடுகிறார்கள். அங்கிருந்து காலாண்டு எண்ணினால் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி. நான்காவது ஆள் ஏணியோடு வரும்போது மழை ஏற்கெனவே முற்றத்தில் இறங்கியிருக்கும். கையெழுத்துத் தையில் இருந்தாலும், தொடக்கத் தேதியை ஆவணி 1 என்று போடச் சொல்லுங்கள்.