இகரம் தொலைத்த சொற்பட்டியல்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கோப்பைத் தூக்கிக்கொண்டு விண்டோஸ் 98, எக்ஸ்பி, 7, 10 என்று வீடு மாறிக்கொண்டிருக்கிறேன். எங்கள் கொங்குப் பகுதிச் சொற்களின் பட்டியல் அது. சுமார் இரண்டாயிரம் சொற்கள், எல்லாம் திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைக்கான எழுத்துருவில் நானே தட்டச்சு செய்தவை.

98இல் ஒரு குறையும் இல்லை. இணைமதி என்ற திஸ்கி எழுத்துருவை நிறுவினேன், தமிழ் தெரிந்தது. கோப்பில் இருந்தவை வெறும் எண்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. 128க்கு மேற்பட்ட அந்த எண்களைக் கணினி, தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள், பிற குறிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுவிட்டது.

வேடம் முதலில் கலைந்தது அகரவரிசையில். திஸ்கியில் ஒற்றைக்கொம்பு தனிக்குறி, மெய்க்கு முன்னால் நிற்கும். அதன் எண் 166. அகரத்தின் எண் 171. வரிசைப்படுத்தினால் கொறங்காடு, தொண்டுப்பட்டி, பொடக்காணி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு 'அ'வுக்கே முன்னால் போய் உட்கார்ந்தன. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

எக்ஸ்பியில் சிரிப்பு அடங்கியது. பட்டியலைப் புதிய சொற்செயலியில் ஒட்டிச் சேமித்தபோது 'இட்டேரி', 'ட்டேரி' ஆகியிருந்தது. பழைய திஸ்கியில் இகரத்தின் இடம் 173. விண்டோஸ் கணக்கில் அது வரி முறியும்போது மட்டும் தலைகாட்டும் சிறுகோடு, மற்ற நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தொல்லைக்காகவே பிந்தைய 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடமும் கிடைத்தது. என் கோப்பிலோ இரண்டும் கலந்திருந்தன. முன்பு தட்டச்சு செய்த இகரங்கள் மறைந்தன, பின்பு செய்தவை பட்டியலின் கடைசியில் கிடந்தன.

மீட்க உதவியது பள்ளியில் படித்த இலக்கணம். புள்ளி வைத்த மெய் சொல்லுக்கு முதலில் வராது. ட, ண, ர போன்றவையும் தமிழ்ச் சொல்லைத் தொடங்கா. அப்படித் தொடங்கியதையெல்லாம் தேடி முன்னால் 'இ' சேர்த்தேன். 'இமை' மட்டும் 'மை' என்று நல்ல பிள்ளையாக நின்று ஏமாற்றியது. பொருள் குறிப்பைப் படித்தபோதுதான் அகப்பட்டது.

பெரிய அடி விண்டோஸ் 10இல். வேறொரு செயலிக்காக, வட்டார அமைப்பில் 'உலகளாவிய மொழிகளுக்கு யூடிஎஃப்-8' என்ற சோதனை நிலைத் தெரிவை இயக்கியிருந்தேன். அதை மறந்து பட்டியலைத் திறந்தால் பக்கம் முழுவதும் கேள்விக்குறி தாங்கிய கறுப்புச் சாய்சதுரங்கள். யூடிஎஃப்-8 என்பது ஒருங்குறியை (யூனிகோடு) எண்களாகச் சேமிக்கும் முறை; அதன் விதிக்கு என் எண்கள் அடங்கவில்லை. அடங்காத ஒவ்வொன்றுக்கும் அதே சாய்சதுரம்தான், அது ககரமாக இருந்தாலும் மகரமாக இருந்தாலும். பார்த்ததோடு மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கை பழக்கத்தில் 'சேமி'யை அழுத்தியது. அதற்குப் பின் எந்த மாற்றியாலும் பயனில்லை, மாற்றுவதற்கு உள்ளே எதுவும் இல்லை. அலமாரியில் ஒரு பழைய குறுவட்டு இருந்ததால் பிழைத்தேன். திருத்தங்களை மறுபடி செய்ய மூன்று இரவுகள் போயின.

இந்த முறை பாடம் ஏறிவிட்டது. கோப்பின் நகலை எடுத்து, என்.எச்.எம். மாற்றி வழியாக முழுவதையும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தேன். நிமிட வேலை. இதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்யாமல், 'இப்போதுதான் தெரிகிறதே' என்று எழுத்துருவையே நம்பிக்கிடந்தது என் சோம்பல். ஆனால் மாற்றி செய்ததைக் கண்ணை மூடி ஏற்காதீர்கள். இடையில் இருந்த ஆங்கிலக் குறிப்புகளில் முப்புள்ளிக் குறிகள் (…) சில 'ஸ' என்ற கிரந்த எழுத்தாகிவிட்டிருந்தன.

இப்போது அகரம் முதலில் நிற்கிறது, பொடக்காணி பகரத்துக்குத் திரும்பிவிட்டது. ஒருங்குறியிலும் ஒரு சிறு உறுத்தல் உண்டு. ஜகரத்தின் இடம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் என்பதால், குறியெண்படி வரிசைப்படுத்தும் என் உரைத்திருத்தியில் 'ஜாடை' வந்த பிறகே 'ஞாயம்' வருகிறது. ஜாடையை நான் கையால் கடைசிக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.