ஜிராவா, ரெட்மைனா: பழைய டிக்கெட்டுகள் யார் கையில்?

பத்திருபது பேர் கொண்ட மென்பொருள் குழு தன் வேலைகளைப் பதிந்து பின்தொடர எந்தக் கருவியை எடுத்துக்கொள்வது என்ற பேச்சு எழுந்தபோது, எங்கள் முன்னால் ஜிரா, ட்ரெல்லோ, கிட்லேப், ரெட்மைன் ஆகிய நான்கும் இருந்தன. நாங்கள் ரெட்மைனை எடுத்துக்கொண்டோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது அல்ல. ரெட்மைன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன். எந்தக் காரணத்துக்காகச் சாய்ந்தோமோ அதற்கே அதிக இடமும் தருகிறேன்.

எல்லோரும் அறிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். டிக்கெட் (ஒரு வேலைக்கோ பிழைக்கோ உரிய பதிவு) திறப்பது, ஒருவரிடம் ஒப்படைப்பது, கெடு வைப்பது, மாற்றம் நேர்ந்தால் மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவற்றை நான்கு கருவிகளும் செய்கின்றன. தோற்றத்தில் ரெட்மைன்தான் கடைசி. 2006-இல் முதலில் வெளிவந்த கருவி என்பதை அதன் முகப்பே காட்டிக்கொடுத்துவிடும். அட்டைகளை இழுத்து நகர்த்தும் பலகை அதன் மூல வடிவில் கிடையாது. வேண்டுமென்றால் பிளகின், அதாவது மேலே ஒட்டவைக்கும் துணை மென்பொருள், தேட வேண்டும். ஸ்பிரிண்ட் என்ற குறுகிய கால வேலைச்சுற்று ஏற்பாடும் இல்லாததால், வெளியீட்டுப் பதிப்பு என்று அதில் இருப்பதையே நாங்கள் ஸ்பிரிண்டாக வைத்துக்கொள்கிறோம். புதிதாகச் சேரும் டெவலப்பர்களில் பெரும்பாலோர் ஜிராவை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். ரெட்மைனை அறிந்தவர் அரிது. விலையைப் பொறுத்தவரை, ஜிராவின் கிளவுட் பதிப்பு பத்துப் பேர் வரை இலவசம். பதினோராவது ஆள் சேர்ந்ததும் அத்தனை பேருக்கும் கட்டணம் உண்டு. ரெட்மைன் கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை என்றாலும், சர்வர் வாடகையும் அதைப் பார்த்துக்கொள்பவரின் வேலை நேரமும் செலவுக் கணக்கில் சேரத்தான் செய்யும்.

ஜிராவின் வலிமையை மறைப்பது நேர்மையாகாது. ஒரு டிக்கெட் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், அந்த மாற்றத்தை யார் செய்யலாம், செய்யும்போது எந்தத் தகவலைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதையெல்லாம் அதில் நுணுக்கமாக வரையறுக்க முடியும். அதன் தேடல் மொழியில் ஒரே வரியில் எழுதிப் பெறும் பட்டியலை ரெட்மைனில் பெறுவதற்கு வடிகட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கும். சில வேளைகளில் அப்படியும் கிடைக்காது. ஸ்பிரிண்ட் எப்படிப் போகிறது என்று நிர்வாகத்துக்குக் காட்டும் வரைபடங்களும் ஜிராவில் ஆயத்தமாக உள்ளன. ஆனால் இந்த நுணுக்கத்தைக் கட்டி மேய்க்க ஓர் ஆள் வேண்டும். ஆளுக்கொரு புலம் (தகவல் நிரப்பும் கட்டம்) சேர்த்துக்கொண்டே போனால், டிக்கெட் திறக்கும் படிவம் வருமான வரிப் படிவத்தைப் போல நீண்டுவிடும்.

ட்ரெல்லோவை அட்லாசியன் நிறுவனம் 2017-இல் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஜிராவும் அதே நிறுவனத்தின் கருவிதான். நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் குறுகிய வேலைக்கு ட்ரெல்லோவைவிட எளியது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அதன் பலகையை ஜேசான் என்ற தரவு வடிவக் கோப்பாக வெளியே எடுத்தால், அதில் நடந்த செயல்களில் கடைசி ஆயிரம் மட்டுமே கோப்பில் இருக்கும். சுறுசுறுப்பாக இயங்கும் குழுவுக்கு ஆயிரம் செயல்கள் என்பது சில வாரங்களின் கணக்கு. ட்ரெல்லோவை விலக்க எங்களுக்கு அந்த ஒரு வரம்பே போதுமானதாக இருந்தது.

கிட்லேபை விலக்குவதுதான் கடினமாக இருந்தது. மூலநிரல் இருக்கும் இடத்திலேயே டிக்கெட்டும் இருப்பது பெரிய வசதி. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் ஒரே டிக்கெட்டைப் பலரிடம் ஒப்படைப்பது, பல டிக்கெட்டுகளை ஒரு பெரிய இலக்கின் கீழ் தொகுப்பது போன்றவை கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கின்றன. ரெட்மைன் ஓடும் சிறிய சர்வரில் கிட்லேப் மூச்சுத் திணறும். அதற்குப் பல மடங்கு நினைவகம் வேண்டும். முழுக்க முழுக்க டெவலப்பர்களாலேயே ஆன குழுவாக இருந்தால், நான் இன்றும் கிட்லேபைத்தான் பரிந்துரைப்பேன். எங்கள் டிக்கெட்டுகளைத் திறப்பவர்களில் கணிசமானோர் வாடிக்கையாளர் தரப்பில் இருக்கும் கணக்காளர்களும் கிளை மேலாளர்களும்தான். நிரலும் அது சார்ந்த விவரங்களும் நிறைந்த ஒரு திரையில் அவர்களை உட்காரவைப்பது சரிப்படவில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, பழைய பதிவுகளை முழு வரலாற்றோடு நம் கைக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்ற ஒரே கேள்விதான். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருளில், ஜிஎஸ்டி தொகையை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக முழு ரூபாயாக்குவதா, பில்லின் மொத்தத்தில் மட்டும் முழு ரூபாயாக்குவதா என்ற தகராறு, வேலை முடிந்து சில ஆண்டுகள் கழித்து எழுந்தது. அவர்களிடம் கணக்காளர் மாறியிருந்தார். புதியவர் பார்த்த பில்களில் சில்லறை வித்தியாசம் வந்தது; அது மென்பொருளின் பிழை என்பது அவர் கட்சி. எங்கள் பழைய டிக்கெட்டில், பொருளுக்குப் பொருள் முழு ரூபாயாக்கச் சொல்லி முந்தைய கணக்காளர் எழுதிய குறிப்பும், அவர் இணைத்த எக்செல் தாளும் இருந்தன. எங்கள் டெஸ்டர் அதை ஏற்காமல், முடிந்ததாகக் குறிக்கப்பட்ட டிக்கெட்டை மீண்டும் திறந்ததும், இரண்டு நாள் கழித்து அதே கணக்காளர் உறுதிசெய்த பிறகு மூடியதும் நாள், நேரத்தோடு பதிவாகியிருந்தன. டிக்கெட்டின் தலைப்பும் இறுதி நிலையும் மட்டும் எஞ்சியிருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இந்த வரலாறு ரெட்மைனில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றமும் தரவுத்தளத்தின் இரண்டு அட்டவணைகளில் பதிவாகிறது: ஒன்றில் யார், எப்போது, என்ன குறிப்பு எழுதினார் என்பது, மற்றொன்றில் எந்தப் புலம், பழைய மதிப்பு, புதிய மதிப்பு என்பது. ரெட்மைன் தரும் இயல்பான அமைப்பை மாற்றாமல் வைத்திருந்தால், நிலை என்ற புலத்தில் பழைய மதிப்பு 3, புதிய மதிப்பு 2 என்று ஒரு வரி இருக்கும்போது, தீர்ந்ததாகக் குறித்த டிக்கெட் மறுபடியும் வேலையில் இருப்பதாக மாற்றப்பட்டது என்று பொருள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் ஓரளவு தெரிந்த எவரும் இரண்டு அட்டவணைகளையும் இணைத்து ஒரு டிக்கெட்டின் முழுக் கதையையும் வரிசையாகப் படித்துவிடலாம். அதற்கு ரெட்மைன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. இணைப்புகள் ஆண்டு, மாதம் என்று பிரிந்த கோப்புறைகளில் சாதாரணக் கோப்புகளாகவே கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பெயரும் பதிவேற்றிய நாளையும் நேரத்தையும் குறிக்கும் இலக்கங்களில் தொடங்கும். தமிழில் பெயரிட்ட கோப்பு என்றால் மட்டும், பெயருக்குப் பதில் பொருளற்ற எழுத்துக்கோவை ஒன்று வட்டில் நிற்கும். உண்மையான பெயரைத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே தரவுத்தளத்தின் நகல், கோப்புறையின் நகல் ஆகிய இரண்டையும் எப்போதும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று அரைகுறைதான்.

ஜிராவிலிருந்து வெளியே எடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பாக எடுக்கலாம். அதில் டிக்கெட்டின் புலங்களும் குறிப்புகளும் வரும், இணைப்புகள் முகவரிகளாக மட்டும் வரும், நிலை மாறிய வரலாறு வராது. வரலாறு வேண்டுமென்றால் ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் வாசல்) வழியாக டிக்கெட் டிக்கெட்டாகக் கேட்டு வாங்க நிரல் எழுத வேண்டும், அல்லது முழு பேக்கப் எடுக்க வேண்டும். அந்த பேக்கப் மீண்டும் ஒரு ஜிராவுக்குள் ஏற்றுவதற்கென்றே அமைந்தது; மனிதர் திறந்து படிப்பதற்கு அல்ல. கட்டணம் கட்டிக்கொண்டே இருக்கும் வரை இது குறையாகத் தெரியாது. மாற வேண்டிய நாளில்தான் தெரியும்.

மாற வேண்டிய நாள் நம் விருப்பப்படிதான் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பலர் விரும்பிப் பயன்படுத்திய பிவோட்டல் டிராக்கர் என்ற இதே வகைக் கருவி 2025 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஜிராவின் சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15-இல் நின்றது. அதற்கு மாற்றாக இருக்கும் டேட்டா சென்டர் பதிப்புக்கும் 2029 மார்ச்சில் முடிவு என்று அட்லாசியன் அறிவித்துவிட்டது. 2022 ஏப்ரலில், அகற்ற வேண்டிய ஒரு பழைய செயலிக்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் முழுத் தளங்களையே ஒரு ஸ்கிரிப்ட் நீக்கிவிட, 775 வாடிக்கையாளர்கள் தங்கள் பதிவுகளை அணுக முடியாமல் போனதும், சிலருக்கு அது சீராக இரண்டு வாரம் வரை ஆனதும் அந்த நிறுவனமே வெளியிட்ட விவரம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொந்த சர்வர் என்றால் பத்திரம் என்று நினைத்துக்கொள்வதும் ஏமாற்றம்தான். 2017 ஜனவரி 31-இல் கிட்லேப் நிறுவனத்திலேயே, கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட, ஒழுங்காக நடப்பதாக நம்பியிருந்த பேக்கப்கள் பயன்படாமல் போய், சுமார் ஆறு மணி நேரப் பதிவுகள் மீளாமலே போயின. அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே அப்படியென்றால், ஓர் ஆளை நம்பி ரெட்மைன் நடத்தும் சிறு குழுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகையால் ஒவ்வொரு மாதமும் பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதாவது ஒரு பழைய டிக்கெட்டைத் திறந்து, அதன் இணைப்பும் திறக்கிறதா என்று பார்ப்பதை எங்கள் வேலைப் பட்டியலிலேயே ஒரு டிக்கெட்டாக வைத்திருக்கிறோம்.

ரெட்மைனின் பராமரிப்பில் உண்மையான தொல்லை பிளகின்களால் வருகிறது. ரெட்மைன் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரல் சட்டகத்தில் எழுதப்பட்டது. பெரிய பதிப்பு மாறும்போதெல்லாம் அடியில் உள்ள ரெயில்ஸும் மாறும். 2018-இல் வந்த 4.0 பதிப்பு ரெயில்ஸ் 5.2-இன் மேலும், 2024-இல் வந்த 6.0 பதிப்பு ரெயில்ஸ் 7.2-இன் மேலும் நிற்கின்றன. எழுதியவர் கைவிட்டுவிட்ட பிளகின் இந்தத் தாவலில் உடைந்துபோகும். அதை நம்பியிருக்கும் குழு பழைய பதிப்பிலேயே தேங்கி, பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் நிற்கும். இந்தக் காரணத்தால் நாங்கள் பலகை பிளகின் ஒன்றைத் தவிர வேறெதையும் சேர்ப்பதில்லை. அதுவும் நாளைக்கே போனாலும் டிக்கெட்டுகளுக்குப் பாதகமில்லாதபடி பார்த்துக்கொள்கிறோம். மூலநிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தையும் ரெட்மைன் நேரடியாக வெளியிலிருந்து படிக்காது. அதே சர்வரில் ஒரு நகலை வைத்து அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால், நிரல் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியில் டிக்கெட் எண்ணை எழுதியதும் அது அந்த டிக்கெட்டின் பக்கத்தில் வந்து நிற்கும்.

வரலாற்றுக்காகவே ரெட்மைனை எடுப்பவர்கள் இரண்டு இடங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். வேலையை விட்டுச் சென்றவரின் கணக்கை நீக்கினால், அவர் எழுதிய குறிப்புகளெல்லாம் பெயரற்றவர் எழுதியதாக மாறிவிடும். கணக்கைப் பூட்டிவைக்க வேண்டுமே தவிர, நீக்கக் கூடாது. டிக்கெட்டின் விவரப் பகுதியைத் திருத்தினால் முந்தைய வடிவம் காக்கப்படுகிறது. ஆனால் குறிப்பு ஒன்றைத் திருத்தினால் பழைய வாசகம் போயே போய்விடும். குறிப்புகளைத் திருத்தும் அனுமதியை யாருக்கும் தராமல் இருப்பது நல்லது. முதல் சில வாரங்கள் எழுத்துப்பிழைகளைக் காட்டி எல்லோரும் முணுமுணுப்பார்கள்; பிறகு பழகிவிடும்.

நூற்றுக்கணக்கானோர் வேலைசெய்யும் நிறுவனத்தில் ரெட்மைனை நான் நடத்தியதில்லை. அங்கே ஜிராவின் அனுமதி ஏற்பாடுகளும் தேடலும் இன்றியமையாதவையாக இருக்கக்கூடும். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத குழுவுக்கும் நான் ரெட்மைனைச் சொல்ல மாட்டேன். சென்னையைச் சேர்ந்த சோஹோவின் புராஜெக்ட்ஸ் கருவியை ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் சிறிது காலம் பயன்படுத்தியதோடு சரி. கணக்கு, மின்னஞ்சல் என்று ஏற்கெனவே சோஹோவில் இருப்பவர்களுக்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறதே தவிர, அதிலிருந்து பதிவுகளை முழுமையாக எடுத்துப் பார்த்த அனுபவம் இல்லை.

எந்தக் கருவியானாலும், வாங்குவதற்கு முன்பே ஒரு சோதனை டிக்கெட்டைத் திறந்து, பத்துக் குறிப்புகள் எழுதி, தமிழ்ப் பெயருள்ள கோப்பொன்றை இணைத்து, இரண்டு முறை மூடித் திறந்து, பிறகு அதை வெளியே எடுத்துப் பாருங்கள் என்பதே நான் கேட்பவர்களுக்குச் சொல்வது. ரெட்மைனின் வழித்தோன்றலான ஓப்பன்புராஜெக்டை இதே சோதனைக்கு உட்படுத்தும் வேலை இப்போது எங்கள் பட்டியலில் இருக்கிறது. பலகை அதில் உள்ளடங்கியே வருவதால், எங்களிடம் மிஞ்சியிருக்கும் அந்த ஒரு பிளகினையும் கைவிட முடியுமா என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.