ஆண்டுக்கு ஏழு இரவுகள்: பன்னிரண்டு ஆண்டு டைம்ஷேர் அனுபவம்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி மகன் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்திருந்தான். திருமணமாகி ஐந்து மாதம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கையில் வழவழப்பான தாள் ஒன்று வைத்திருந்தான். மலை, ஏரி, ஊஞ்சலில் சிரிக்கும் ஒரு குடும்பம். டைம்ஷேர் விளம்பரம்: முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, ரிசார்ட்டில் ஆண்டுதோறும் சில இரவுகள் தங்கும் திட்டம். "அக்கா, நீங்கள் இதில் பல வருடமாக இருக்கிறீர்களே, நாங்களும் சேரலாமா? இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் நாற்பதாயிரம் தள்ளுபடி என்கிறார்கள்" என்று கேட்டான். குழம்பு ஊற்றிக்கொண்டே பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

நாங்கள் சேர்ந்தது 2014 ஜனவரியில். எனக்கு 26 வயது, என் கணவருக்கு 28. தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனபோது டெல்லி அப்பளத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஒரு சீட்டை நிரப்பிப் பெட்டியில் போட்டோம். நாலாம் நாள் தொலைபேசி வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்றார்கள். ஓட்டலின் குளிரூட்டிய அறையில் மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். எழுந்தபோது 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தோம். ஆண்டுக்கு ஏழு இரவு, நடுப் பருவம் (கூட்டம் உச்சத்தில் இல்லாத மாதங்கள்), சின்னச் சமையல் மேடையோடு ஓர் அறை. விலை 2,85,000 ரூபாய். முப்பதாயிரம் கையில் கட்டி, மீதியை மாதம் 8,840 வீதம் 36 தவணையாகக் கட்டினோம். வட்டியோடு மொத்தம் 3,48,000 ஆனது. அப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாடகை அந்தத் தவணையை விடக் குறைவு.

அன்று அந்த விற்பனைப் பையன் ஒரு வெள்ளைத் தாளில் போட்ட கணக்கு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஓட்டல் அறை இன்று 3,000 ரூபாய். ஆண்டுக்குப் பத்து விழுக்காடு ஏறினால் 25 ஆண்டில் 32,500. அந்த எண்ணைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டான். பெருக்கல் சரிதான், நானே பிறகு போட்டுப் பார்த்தேன். ஆனால் ஆண்டு பராமரிப்புக் கட்டணமும் ஏறும் என்பதை அந்தத் தாளில் எந்த மூலையிலும் அவன் எழுதவில்லை. அதே பணம் அப்போது அரசின் சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.பில் கிடந்திருந்தால் 8.7 விழுக்காடு வட்டி வந்திருக்கும் என்பதையும் எழுதவில்லை. அந்த வட்டி நீடித்தால் எட்டே கால் ஆண்டில் பணம் இரட்டிப்பாகும். கேட்கிற வயதில் நாங்களும் இல்லை. ஊட்டியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பராமரிப்புக் கட்டணத்தின் கதை இது. 2014இல் வரியோடு 9,500. அன்று சேவை வரி 12.36 விழுக்காடு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து 18 விழுக்காடு ஆனது. இந்த ஆண்டுக்கு வந்த பில் 21,800. போனாலும் போகாவிட்டாலும் கட்டியாக வேண்டும். இதே வேகத்தில் ஏறினால், ஒப்பந்தம் முடிகிற 2038இல் இது 57,000ஐத் தாண்டும். பன்னிரண்டு ஆண்டில் கட்டணமாக மட்டும் 1,78,000 கட்டியிருக்கிறோம். கிடைத்திருக்க வேண்டிய இரவுகள் 84. தங்கியவை 41.

ஏன் 41? இதைத்தான் 26 வயதில் இருக்கிறவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நடுப் பருவம் என்று எடுத்தபோது எங்களுக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். விடுப்பு எழுதிக் கொடுத்தால் பிப்ரவரியிலும் கிளம்பலாம், ஜூலையிலும் கிளம்பலாம். 2016இல் மகள் பிறந்தாள், அந்த ஆண்டு எங்கும் போகவில்லை. 2019இல் எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். அன்றோடு எங்கள் காலண்டர் பள்ளிக்கூடத்தின் காலண்டர் ஆகிவிட்டது. மே மாதமும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் உச்சப் பருவம், எங்கள் அட்டைக்கு நேராகக் கிடையாது. மிஞ்சியது காலாண்டு விடுமுறை ஒன்றுதான். செப்டம்பர் கடைசியில் மலையில் மழையும் பனியும் சேர்ந்து வரும் அந்த ஏழெட்டு நாள். ஒருவர் வாழ்க்கை எந்தப் பருவத்துக்கு மாறும் என்று தெரியாத வயதில் பருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இருக்கிற பணத்துக்கு எது வருமோ அதைத்தான் இளம் தம்பதிகள் எடுப்பார்கள். குழந்தை வந்ததும் உதவாமல் போவதும் அதுதான்.

இனி என் தலையாய கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஒப்பந்தப்படி, இடம் இருந்தால் உச்சப் பருவத்திலும் தங்கலாம். ஓர் இரவுக்கு நம் கணக்கில் இரண்டு இரவு கழித்துக்கொள்வார்கள். சரி, அதுவும் ஒரு வழிதான் என்று ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்துக்காக உறுப்பினர் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். மாதம் முழுவதும் சாம்பல் நிறக் கட்டங்கள். தொட்டால் "இடம் இல்லை". பதிவு திறக்கிற நாளிலேயே, திறக்கிற மணியிலேயே பார்த்திருக்கிறேன், அப்போதும் அதே சாம்பல்தான். 2023இல் ஓர் இரவு, அந்தப் பக்கத்தை மூடாமலேயே பக்கத்தில் ஒரு பயணத் தளத்தைத் திறந்து அதே ரிசார்ட்டின் பெயரைப் போட்டேன். அதே தேதி. அறை இருந்தது. இரவுக்கு 7,400 ரூபாய். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், "மேடம், அது வேறு ஒதுக்கீடு" என்றார்கள். மூன்று பேர், மூன்று நாள், அதே ஒரு வாக்கியம்.

மகள் பள்ளியில் எல்லோரிடமும் ஊட்டி போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். இரண்டு இரவுக்கு 14,800 கட்டிப் போனோம். எந்த ரிசார்ட்டில் நாங்கள் உறுப்பினரோ, அந்த ரிசார்ட்டுக்கே வெளியாளாகப் போனோம். அதே கட்டில், அதே பச்சைத் திரைச்சீலை, குளியலறைக் கதவில் அதே தளர்ந்த தாழ்ப்பாள். வரவேற்பில் உறுப்பினர் எண் கேட்டார்கள். இல்லை என்று சொன்னபோது என் குரல் தடுமாறியது. அந்த ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் தன் அறைகளில் ஒரு பகுதியை வெளியாருக்கு விற்கலாம் என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. சேரும் முன் அதைப் படிக்க யாரும் என்னைத் தடுக்கவில்லை. அறைகள் எப்போதும் சுத்தமாகவே இருந்திருக்கின்றன, வேலை செய்கிறவர்கள் அன்பானவர்கள். உறுப்பினராகத் தங்கிய 41 இரவுகளில் ஒரு நாள்கூட அறைக்காகச் சண்டை போட்டதில்லை. குறை அறையில் இல்லை, அறைக்கு வெளியே இருக்கிற கதவில்தான்.

2020ஐயும் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கோடையில் சென்னையிலேயே அதிகத் தொற்று எங்கள் ராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. எங்கள் தெருமுனையில் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். என் கணவருடைய அலுவலகம் தம்பு செட்டித் தெருவில், சுங்கத் துறை கிளியரிங் வேலை. பாதிச் சம்பளம்தான் வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் பராமரிப்புக் கட்டண பில் மின்னஞ்சலில் வந்தது. கெடு தேதியோடு, தாமத வட்டியோடு. தெருவைத் தாண்ட முடியாதவர்களிடம் மலைமேல் இருக்கும் அறைக்குப் பராமரிப்பு கேட்டார்கள். இரவுகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக் கொடுத்தார்கள், உண்மைதான். பணத்தைத் தள்ளிக் கேட்கவில்லை.

அந்த வெறுப்பில் விற்றுவிடலாம் என்று முயன்றோம். மறுவிற்பனைச் சந்தை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒருவர் 60,000க்குக் கேட்டார். அதிலும் பெயர் மாற்றக் கட்டணம் எங்கள் தலையில். விளம்பரம் போட்டதற்குப் பிறகு வேறு வகை அழைப்புகள் ஆரம்பித்தன. "உங்கள் உறுப்பினர் உரிமையை நாலு லட்சத்துக்கு வாங்க ஆள் தயார், ஆவணச் செலவுக்குப் பதினைந்தாயிரம் முதலில் போடுங்கள்" என்பார்கள். ஒரு காசு போடாதீர்கள். விற்றுத் தருகிறவன் விற்ற பணத்திலிருந்துதான் கூலி எடுப்பான், முன்பணம் கேட்டால் அது மோசடி.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 செப்டம்பரில் அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். என் கணவரைப் பெற்றவர். காசிமேட்டில் பிறந்து, வண்ணாரப்பேட்டைக்கு வாழ வந்து, அந்த இரண்டுக்கும் நடுவிலேயே ஐம்பத்தெட்டு வயதுவரை இருந்தவர். சென்ட்ரலில் இரவு ஒன்பது மணி வாக்கில் நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்ததும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, 7.10க்குக் கிளம்பும் மலை ரயில். ஊட்டி வரை 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ரயில் ஏறத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அத்தை குன்னூர் வரை எடுக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டு விழித்தேன். எங்கள் வீட்டில் அந்த நேரம் அடிபம்பின் நேரம். ஐந்து குடித்தனத்துக்கு ஒரு பம்பு. முதலில் எழுந்தவர் முதல் குடம் அடிப்பார். அத்தைக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. விளக்கைக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற வெந்நீரில் வலது கையை நீட்டி வைத்திருந்தார். உள்ளங்கையைத் திருப்பினார், பிறகு புறங்கையைக் காட்டினார். பம்புக் கைப்பிடி பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை. என்னைப் பார்த்ததும் அவசரமாகக் குழாயை மூடி, "வீணாக்கிவிட்டேனோ?" என்று கேட்டார். இல்லை அத்தை, திறந்து வையுங்கள் என்றேன். மறுபடியும் திறந்தார். ஆவி கண்ணாடியில் படிந்தது. அன்று அவர் குளித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு, வேறு யாரோ கொண்டுவந்து கொடுத்த தேநீரை வராந்தாவில் உட்கார்ந்து குடித்தார்.

பணம் தனியாகச் சேர்த்து வைத்திருந்தால் இதே ஊட்டிக்கு நாங்கள் போயிருப்போமா? உண்மையைச் சொன்னால், போயிருக்க மாட்டோம். அந்தப் பணம் மகளின் காதுகுத்துக்கோ, என் கணவரின் தங்கையின் வளைகாப்புக்கோ போயிருக்கும். கட்டணம் கட்டிவிட்டோம், இரவுகள் காலாவதியாகிவிடும் என்ற நெருக்குதல்தான் எங்களை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வைத்தது. இந்த ஒன்றை நான் எந்தக் கணக்கிலும் கழிக்க முடியவில்லை.

அப்படியானால் கணக்கு என்ன என்கிறீர்களா? இரண்டு விதமாகப் போட்டுச் சொல்கிறேன். வட்டியோடு ஆன 3,48,000ஐ 25 ஆண்டுக்குப் பிரித்து, இந்த ஆண்டுக் கட்டணத்தைச் சேர்த்து, ஏழு இரவும் தங்கினால் இரவுக்கு 5,100 ரூபாய். மோசமில்லை. நாங்கள் இதுவரை கொடுத்த 5,26,000 ரூபாயை உண்மையில் தங்கிய 41 இரவால் வகுத்தால் 12,800. ஒப்பந்தம் இன்னும் 13 ஆண்டு இருக்கிறது என்பதால் இரண்டாவது எண் முழு நியாயம் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து போனது அந்த எண்தான்.

தம்பி, நீ கேட்டதால் சில விஷயம். இது சொத்து வாங்குவது அல்ல, தங்கும் உரிமைக்கு முன்கூட்டியே பணம் கட்டுவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. விலகும் நாள் எத்தனை என்று உன் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு, அதை முதலில் தேடு. பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு வரை ஏறலாம் என்பதற்கு எழுத்தில் வரம்பு இருக்கிறதா என்று கேள். உச்சப் பருவத்தில் எத்தனை அறைகள் உறுப்பினர்களுக்கு என்று கேள். வாயால் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கு. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீ வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

பயணத்தின் தொல்லைகளும் கூடியிருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாளாகக் குறைந்துவிட்டது. அறையை நாலு மாதம் முன்பே பிடித்து வைத்துவிட்டு, டிக்கெட் கிடைக்குமா என்று இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அறையை ரத்து செய்ய வேண்டும். தாமதமாக ரத்து செய்தால் இரவுகள் போய்விடும்.

ஆகையால் என் முடிவு: வேண்டாம். வீட்டுக் கடன், குழந்தை, வேலை மாற்றம் எதுவும் இன்னும் தீர்மானமாகாத வயதில் 25 ஆண்டுக்குக் கையெழுத்துப் போடாதே. மாதம் மூவாயிரம் வங்கியில் ஒரு ஆர்.டி.யில் (மாதத் தவணைச் சேமிப்பு) போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதை உடைத்து, பிடித்த மாதத்தில் பிடித்த ஊருக்குப் போ.

ஞாயிற்றுக்கிழமை இதைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது அத்தை உள்ளிருந்து வந்தார். இப்போது முழங்கால் வலி, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். அந்தத் தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "சேர்ந்துவிடுப்பா. நாலு மணிக்கு எழுந்து குழாயைத் திறந்தாலும் சுடுதண்ணீர் வரும்" என்றார். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

இந்த ஆண்டுக் கட்டணத்தை நான் கட்டிவிட்டேன். காலாண்டு விடுமுறைக்கு மூன்று இரவு பதிவு செய்திருக்கிறேன், தரைத்தள அறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அத்தை சொன்னது உண்மைதான் தம்பி. இருந்தாலும் நீ கையெழுத்துப் போடாதே.