மருந்துக்கடையில் படித்த பாடம்: மூன்று வருஷத்துக்குப் பிறகு

நண்பனின் அம்மாவுக்குப் போன வாரம் இன்சுலின் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். “நீ ஒரு மெடிக்கல்ல கத்துக்கிட்டியே, அது உருப்படியா?” என்று கேட்டான். ஒரு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் இது.

நான் இன்சுலின் போட ஆரம்பித்து ஏழு வருஷம். ஆரம்பத்தில் ஒரு நர்ஸ் ஒரு தடவை செய்து காட்டினார், அவ்வளவுதான் படிப்பு. சுகர் ஒரு நாள் 140, மறுநாள் 310. டாக்டர் யூனிட்டைக் கூட்டிக்கொண்டே போனார். நாலு வருஷம் இப்படியே ஓடியது.

வழக்கமான கடை பூட்டியிருந்த ஒரு நாள் இந்தக் கடைக்குப் போனேன். பார்மசிஸ்ட் அம்மா இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசி) கையில் கொடுத்து, “எப்படிப் போடுவீங்கன்னு காட்டுங்க சார்” என்றார். இரண்டு யூனிட் வெளியே தள்ளி நுனியில் சொட்டு வருகிறதா என்று நான் பார்க்கவில்லை. அழுத்தியதும் ஊசியை எடுத்துவிட்டேன். பத்து எண்ண வேண்டுமாம். பால் மாதிரி இருக்கும் 30/70 மருந்தை (இரண்டு வகை இன்சுலின் கலந்தது) உள்ளங்கையில் உருட்டிக் கலக்க வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒரே ஊசியை வாரம் முழுக்க ஓட்டுவதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

பிறகு தொப்புளுக்கு இரண்டு பக்கமும் தடவிப் பார்க்கச் சொன்னார். எலுமிச்சை அளவுக்கு மெத்தென்று திரண்டிருந்தது. தொப்பை என்று நினைத்திருந்தேன். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்த கொழுப்புக் கட்டியாம். அதில் போடும் மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. நாலு வருஷமாகக் கட்டிக்குத்தான் ஊட்டியிருக்கிறேன்!

“புது இடத்துல அதே அளவு போட்டா சுகர் இறங்கிடும், டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்துங்க” என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, மீட்டரில் 54. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இது முழுக்க என் தப்பு. அப்புறம் டாக்டர் யூனிட்டைக் குறைத்தார், 310 எல்லாம் இப்போது அபூர்வம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். இத்தனை பாடமும் நடப்பது ரோட்டைப் பார்த்த கவுண்டரில், நின்றுகொண்டே. பக்கத்தில் இருமல் மருந்துக்கு நிற்பவர், பின்னால் எங்கள் தெருக்காரர். “இடத்தை மாத்திப் போடுறீங்களா சார்? தொடையில போட்டீங்களா?” என்று அந்தம்மா சத்தமாகக் கேட்பார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் என் தொடை விவரம் தெருவுக்கு எதற்கு? மருந்தைப் பற்றி விளக்குவது பார்மசிஸ்ட்டின் வேலை என்று 2015 பார்மசி நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு ஸ்டூலும் திரையும் போடக் கடைக்காரருக்கு மனசில்லை. மூன்று வருஷமாகச் சொல்கிறேன், “பண்ணிடலாம் சார்” என்கிறார். அந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் பெட்டி நிற்கிறது.

ஆக, அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. மத்தியானம் இரண்டரைக்குப் போனால் கூட்டம் இருக்காது. பேனா இல்லாமல், ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் குப்பி என்றால், அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்சுதானா என்று அந்தம்மாவிடமே காட்டிக் கேட்டுக்கொள். நான் ஆறு மாதமாக ஆன்லைனில்தான் வாங்குகிறேன்.