மஞ்சள் ஃபில்டரா, சிவப்பு ஃபில்டரா?

கறுப்பு வெள்ளை ஃபிலிம் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கும். அதனால் வானமும் மேகமும் ஒரே வெளுப்பாகக் கலந்துவிடும். லென்ஸில் ஒரு வண்ண ஃபில்டர் மாட்டினால் அந்த நீலம் தடைபடும். சரி, எந்த வண்ணம்?

மஞ்சள் (ஃபில்டர் எண் 8) கேட்பது சுமார் ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளிதான் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி இருமடங்காகும்). வானம் கண்ணுக்குத் தெரிவதுபோல் சாம்பலாகும், மேகம் தனியே பிரியும், கேமராவைக் கையில் பிடித்தே எடுக்கலாம்.

சிவப்பு (எண் 25) மூன்று ஸ்டாப் விழுங்கும். 1/250 விநாடி போதுமான இடத்தில் 1/30 வேண்டும். ட்ரைபாட் இருந்தால் நல்லது. வானம் கிட்டத்தட்டக் கறுத்துவிடும், அழகுதான். ஆனால் வெளியில் நிழல்களுக்கு வெளிச்சம் தருவதே நீல வானம். ஆகவே நிழல்களும் சேர்ந்து கறுக்கும். அங்கே விவரம் வேண்டுமானால் இன்னும் அரை ஸ்டாப்பாவது கூட்டிக் கொடுங்கள். முகங்களுக்கு இது வேண்டவே வேண்டாம், உதடு வெளிறிப்போகும்.

1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலுள்ள ஹாஃப் டோம் பாறையைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார். பாறையின் கம்பீரம் அதில் வராது என்று உணர்ந்து, மீதமிருந்த ஒரே கண்ணாடித் தகட்டில் (ஃபிலிமுக்குப் பதிலாக அவர் பயன்படுத்தியது) அடர்சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்தான்.

அன்றாடத்துக்கு என் தேர்வு மஞ்சள். சிவப்பை வெயிலில் நிற்கும் பாறைக்கும் கட்டடத்துக்கும் வைத்துக்கொள்வேன். மூட்டமான வானத்தில் இரண்டுமே உதவாது.