கொடைக்கானல் குளிரில் ஏழு வருஷம் ஓடிய டிகாஷன் மிஷின்

என் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள, விடியுமுன்னே கொடைரோடு ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும். கொடைக்கானலில் இருந்து 80 கிலோமீட்டர், பெரும்பாலும் மலைப்பாதை. அதனால் வாரத்தில் மூன்று நாளாவது எங்கள் வீட்டில் முதல் காபி இரவு ஒன்றரை மணிக்கு. தூக்கக் கலக்கத்தோடு அவர் வண்டியை எடுக்கக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம். கரண்டில் ஓடும் டிகாஷன் மிஷினை 2018 பொங்கலுக்கு வாங்கியது இதற்காகத்தான். ஏழு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் ஓடுகிறது. வாங்கலாமா என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன்.

அதற்கு முன்பு பித்தளை பில்டர்தான். உள்ளே ஈயம் பூசியது, அத்தை கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. அதன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மார்கழி, தை மாதத்தில் எங்கள் அடுப்படியில் எண்ணெய்கூட உறைந்து கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தால், ஒன்றரை மணிக்கு டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கியிருக்கும், ஆனால் தொட்டால் சில்லென்று இருக்கும். கொதிக்கிற பாலில் கலந்தாலும் காபி வெதுவெதுப்புக்கு வந்துவிடும். டபராவில் ஒரு தடவை ஆற்றினால் அந்தச் சூடும் போச்சு. டிகாஷனை அடுப்பில் வைத்துச் சூடு பண்ணினால் கடுத்துப்போகும், கொதி வந்துவிட்டால் கஷாயம்தான். வெந்நீர்ச் சட்டிக்குள் கிண்ணத்தை இறக்கிச் சூடேற்றலாம், ருசி கெடாது. ஆனால் நடுராத்திரியில் தினமும் அதைச் செய்துகொண்டிருக்க முடியவில்லை.

இதில் மலை வீட்டுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. கீழே சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே ஏற ஏற, சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். சமையல் தெர்மாமீட்டரைத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், 93-ஐத் தாண்டவே இல்லை. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாததும் இதனால்தான். காபிக்கு 90-லிருந்து 96 டிகிரி வரை நல்லது என்பார்கள். அப்படியானால் நம் ஊர்த் தண்ணீர் கொதிக்கும்போதே காபிக்குத் தோதான சூட்டில் இருக்கிறது. ‘கொதித்த தண்ணீரை ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஊற்று’ என்று சென்னைக்காரர்கள் சொல்வது நமக்குப் பொருந்தாது. பொங்கி வரும்போதே ஊற்றிவிட வேண்டும். பிரச்சினை அதற்கப்புறம்தான். தை மாதம் காலையில் பித்தளை பில்டரின் மேல் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றிவிட்டு உடனே பார்த்தேன், 79 டிகிரி. குளிர்ந்து கிடந்த பித்தளையும் பொடியும் அவ்வளவு சூட்டையும் குடித்துவிட்டன. பலர் ‘மலையில் டிகாஷன் இறங்கினாலும் திடம் இல்லை’ என்று பொடிக்கடையைக் குறை சொல்கிறார்கள். பில்டரை முதலில் வெந்நீரில் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டுப் பொடி போட்டுப் பாருங்கள், மிஷினே வேண்டாம் என்றுகூடத் தோன்றலாம்.

மதுரையில் கடைக்குப் போனபோது மூன்று வகை காட்டினார்கள். பம்ப் அழுத்தத்தில் ஓடும் எஸ்பிரசோ மிஷின் விலையும் அதிகம், நம் பொடிக்கும் ஆகாது. அதற்குச் சிக்கரி இல்லாத நைசுப் பொடி வேண்டும், சிக்கரி கலந்தால் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, மூடியை இறுக்கித் திருகி ஆவி அழுத்தத்தில் டிகாஷன் எடுப்பது. பக்கத்து வீட்டில் அது இருந்தது. டிகாஷன் கெட்டியாக வரும், ஆனால் கசப்பு ஏறிவிடும், ரப்பர் வளையமும் சீக்கிரம் தளர்ந்துபோகும். நான் எடுத்தது மூன்றாவது வகை, சாதாரண டிரிப் மிஷின். 600 வாட், 600 மில்லி தொட்டி, கழுவி எடுக்கிற நைலான் வலைக்கூடை, கண்ணாடி ஜாடி, அதற்கடியில் சூட்டுத்தட்டு.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். தொட்டித் தண்ணீர் அடியில் உள்ள அலுமினியக் குழாய்க்கு இறங்குகிறது. அங்கே ஹீட்டர் சூடேற்றும்போது ஆவிக்குமிழிகள் கிளம்பி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுகின்றன. திரும்பிப் போகாமல் ஒரு வால்வு தடுக்கும். மோட்டாரே கிடையாது. அந்தக் களக் களக் சத்தம் குமிழிகள் ஏறுகிற சத்தம்தான். தண்ணீர் கொதிக்கிற சூட்டை ஒட்டித்தான் மேலே ஏறும் என்பதால், நம் உயரத்தில் பொடிமேல் விழும்போது 87, 88 டிகிரி இருக்கிறது. குளிர்ந்த பித்தளையின் 79-ஐவிட இது எவ்வளவோ மேல்.

முதல் மாதம் வந்த டிகாஷனைச் சொல்லவே வேண்டாம், வெறும் நிறத்தண்ணீர். மிஷினோடு வந்த கரண்டிக் கணக்கு பால் சேர்க்காத கறுப்புக் காபிக்கானது, ஏறத்தாழ ஒரு பங்கு பொடிக்குப் பதினைந்து பங்கு தண்ணீர். நமக்கு ஆறு பங்குக்கு மேல் போகக் கூடாது. இப்போது நான் 40 கிராம் பொடிக்கு 240 மில்லி தண்ணீர் ஊற்றுகிறேன். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் 160 மில்லி டிகாஷன் இறங்கும். நாலு டம்ளருக்குத் தாராளம்.

அப்புறம் பொடி. மிஷினைத் தேடி அலைந்ததற்குப் பதிலாக நான் முதலில் பொடியைச் சரிபண்ணியிருக்க வேண்டும். பில்டருக்கு அரைக்கிற நைசில் போட்டால் வலை அடைத்து, தண்ணீர் இறங்க வழியில்லாமல் கூடை விளிம்பு வழியாகக் கொட்டிவிடும். பொடிக்கடையில் ‘பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு நம்பர் கொரகொரப்பாக’ என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். சட்டப்படி கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 சதவீதம் இருந்தால் போதும், அதனால் பாக்கெட்டின் பின்பக்கம் பார்க்காமல் வாங்கினால் பாதிக்குப் பாதி சிக்கரியாக இருக்கலாம். நான் 60:40 பொடியைப் போட்டுப் பார்த்தேன். கூடையின் அடியில் களிமாதிரி இறுகி, சொட்டு இறங்க இருபது நிமிஷம் ஆனது.

எங்களுக்குப் பொடி தாண்டிக்குடியிலிருந்து வருகிறது. அங்கே அத்தைக்குக் கொஞ்சம் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் அரபிகா, மரத்தில் மிளகுக்கொடி, நடுநடுவே ஆரஞ்சும் மலைவாழையும். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் அந்த ஊரிலேயே இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாளுக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். அந்தப் பூமழை தவறினால் அந்த வருஷக் காய்ப்பு குறைந்துவிடும் என்று அத்தை வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கார்த்திகையில் பழம் பறிக்கத் தொடங்கி, தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயவைப்பார்கள். எங்கள் பங்கை வத்தலக்குண்டில் கொடுத்து வறுத்து அரைத்து வாங்குவோம். பழக்கமானவர்கள் பட்டிவீரன்பட்டியிலும் கொடுப்பதுண்டு. ஒன்று கவனித்தேன், இளவறுப்பாக வறுத்த அரபிகா மிஷினில் புளிப்புத் தட்டுகிறது. நிறம் நன்றாகக் கறுத்து, எண்ணெய் மினுக்கம் வருவதற்குச் சற்று முன்னால் இறக்கினால் பாலுக்குச் சரியாக நிற்கிறது.

பொடி புதிதாக இருந்தால் இன்னொரு கைப்பக்குவம். சுவிட்சைப் போட்டு, முதல் தண்ணீர் விழுந்து பொடி முழுக்க நனைந்ததும் அணைத்துவிடுங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். பொடி மெல்ல உப்பி, நடுவில் வெடிப்பு விட்டு, சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று வெளியே வரும், அடுப்படி முழுக்க வாசனை அடிக்கும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த வாயு அது. அது வெளியேறியபின் தண்ணீர் உள்ளே நன்றாக ஊறும். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி சுவிட்ச். இந்த ஒரு நிமிஷத்தில் டிகாஷனின் திடம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடுகிறது. அத்தை முதல் தடவை இதைக் குடித்துவிட்டு, “இப்பத்தான் தாயி காபி மாதிரி இருக்கு” என்றார். அதுவரை மிஷின் காபியை அவர் பாதி டம்ளரோடு வைத்துவிடுவார்.

மூடுபனிக் காலத்தில் பொடி நமுத்துப்போகும். கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைப்பதில்லை, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுப்புக்கு எட்டத் தள்ளி வைக்கிறேன். பிரிட்ஜில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் ஈரம் ஏறும்.

சூட்டுத்தட்டை நம்பவே வேண்டாம். பத்து நிமிஷம் வரை பரவாயில்லை, அரை மணி இருந்தால் டிகாஷன் தீய்ந்த வாடை அடிக்கும். இறங்கியதும் சின்ன பிளாஸ்குக்கு மாற்றிவிடுகிறேன், வெந்நீர் ஊற்றி அலசிய பிளாஸ்க். ஒன்றரை மணிக்கு இறக்கியது ஆறரைக்கு எனக்கும் நல்ல சூட்டோடு கிடைக்கிறது. மிஷின் ஓடுவது ஐந்து நிமிஷம்தான் என்பதால் கரண்ட் செலவும் பெரிதில்லை, ஒரு யூனிட்டில் இருபது தடவை இறக்கலாம்.

கோளாறுகளையும் சொல்கிறேன். ஜாடியின் மூடி மேலே முட்டினால்தான் கூடைக்கு அடியில் உள்ள சொட்டுத்தடுப்பு திறக்கும். ஒருநாள் இவர் தூக்கத்தில் ஜாடியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்துவிட்டார். கூடை நிரம்பி, கறுப்புத் தண்ணீர் பொடியோடு மேடை முழுக்க ஓடி, தீப்பெட்டி வரைக்கும் நனைத்துவிட்டது. இரண்டாம் வருஷம் தை மாதத்தில், சூடான ஜாடியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினேன், படீரென்று விரிசல். வாங்கிய இடத்தில் கேட்டால் ஜாடி மட்டும் தனியாக வராது என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்று தடவை போன் போட்டும் பதில் இல்லை, இது எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான். கடைசியில் இவரே சொட்டுத்தடுப்பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார். இப்போது அடியில் ஒரு எவர்சில்வர் செம்பு நிற்கிறது. உடையாது, முன்பைவிட நிம்மதி. நாலாம் வருஷம் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் உள்ளே இருக்கும் பியூஸ் போனது, உள்ளூர் எலக்ட்ரீஷியன் 150 ரூபாயில் மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் டிகாஷன் வேண்டுமென்று முதல் டிகாஷனையே தொட்டியில் ஊற்றி ஓட்டினேன் ஒருதரம். குழாய்க்குள் பிசுக்கு ஒட்டி, பத்து நாள் வெறும் வெந்நீரிலும் ஊசல் வாடை. தொட்டிக்குள் தண்ணீர் தவிர எதுவும் போகக் கூடாது.

எங்கள் வீட்டு ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் குழாய் அடைக்கவே இல்லை. இதே மிஷினை வாங்கிய என் தங்கை திண்டுக்கல்லில் இருக்கிறாள். அவளுடைய போர் தண்ணீரில் ஒரே வருஷத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்து, ஐந்து நிமிஷ வேலை பதினைந்து நிமிஷமானது. எலுமிச்சை உப்பை ஒரு ஸ்பூன் கரைத்து ஓட்டி, பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீர் ஓட்டச் சொன்னேன், சரியானது. கீழே இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வலைக்கூடையை வாரம் ஒருநாள் சோடா உப்புக் கரைசலில் ஊறப்போட்டுப் பழைய பல்குச்சி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எவர்சில்வர் பில்டர் அடைத்தால் அடுப்புத் தணலில் காட்டி எடுப்போமே, அதை நைலானுக்குச் செய்துவிடாதீர்கள்.

பித்தளை பில்டரைப் பரணில் ஏற்றவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பாதை அடைத்திருந்ததால் இவரும் வீட்டில்தான். அந்த நாட்களில் விறகடுப்பின் ஓரத்தில், தணலின் வெதுவெதுப்பில் பில்டரை வைத்து இறக்கிய டிகாஷனுக்கு மிஷின் டிகாஷன் ஈடில்லை. பொடிக்குள் தண்ணீர் நிதானமாக ஊறி இறங்குவதில் ஒரு கனம் இருக்கிறது, அது ஐந்து நிமிஷத்தில் வராது. ஞாயிற்றுக்கிழமையும் அத்தை வந்திருக்கும் நாளும் பித்தளைதான்.

இந்த மிஷின் நின்றுபோனால் அடுத்ததும் டிரிப் வகைதான் வாங்குவேன். ஜாடி எவர்சில்வரில் இருக்க வேண்டும், சூட்டுத்தட்டுக்குத் தனி சுவிட்ச் வேண்டும், வலை நைலானாக இல்லாமல் ஸ்டீலாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ளது கிடைத்தால் தொட்டி சின்னதாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. இன்று ராத்திரியும் கொடைரோட்டுக்குச் சவாரி இருக்கிறது. பொடியும் தண்ணீரும் அளந்து போட்டு, செம்பைக் கூடைக்கு நேராக நிறுத்திவைத்துவிட்டேன். எழுந்ததும் அவர் சுவிட்சைத் தட்டினால் போதும்.