சுண்டெலியோடு பதினொரு வருடம்

பலெர்மோவில் ஒரு முதியவரைப் பராமரிக்கப் போனேன். அவரோடு சேர்த்து அவருடைய 1937ஆம் ஆண்டு ஃபியட் 500உம் என் பொறுப்பில் வந்தது. இத்தாலியர் அதைத் 'தொப்போலீனோ' என்பார்கள், சுண்டெலி. மிக்கி மவுசுக்கும் அங்கே அதுதான் பெயர். பதினொரு வருடமாக ஓட்டுவது, கழுவுவது, திருத்துவது எல்லாம் நான்தான்.

இதற்கு முன்னால் 1932இல் ஃபியட்டின் பலில்லா கார் வந்தது. நாலு பேர் இருக்கலாம், 995 சிசி, விலை 10,800 லீரா. சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாத விலை. 5,000 லீராவுக்கு ஒரு கார் வேண்டும் என்று முசோலினி ஆசைப்பட்டார். முப்பது வயதாகுமுன் அந்த வேலையில் இறங்கிய ஃபியட் பொறியாளர் தாந்தே ஜாக்கோசாவின் வண்டி, இந்தத் தொப்போலீனோ, 1936இல் வெளிவந்தபோது 8,900 லீரா.

அவர் காசை எங்கே மிச்சம் பிடித்தார் என்பது பொனற்றைத் திறந்தால் தெரியும். தண்ணீர் பம்ப் இல்லை. றேடியேற்றர் எஞ்சினுக்குப் பின்னால், அதைவிட உயரத்தில் இருக்கிறது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி, ஆறிக் கீழே இறங்குகிறது. பெற்றோல் பம்பும் இல்லை. தாங்கி நம் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் இருப்பதால் பெற்றோல் தானாக வடிகிறது. (சிகரெட் பிடிக்கிறவர்களை நான் ஏற்றுவதில்லை.) எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் இருப்பதால்தான் 3.2 மீட்டர் வண்டியில் காலை நீட்ட முடிகிறது. ஆனால் பிறேக்கில் மனுசன் கஞ்சத்தனம் காட்டவில்லை: நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக்.

இல்லாத பம்ப் பழுதாகாது, உண்மைதான். ஆனால் தண்ணீர் மட்டம் றேடியேற்றருக்குப் போகும் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். இதை மொந்தே பெல்லெக்ரினோ மலையில் படித்தேன். சாந்தா ரொசாலியா கோயிலுக்கு ஐயாவைக் கூட்டிப்போன நாள், கீழே தண்ணீர் பார்க்காமல் ஏறியது என் பிழை. 13 குதிரைத்திறனும் ஆவியாகப் போய்க்கொண்டிருக்க, நேர்த்திக்கு நடந்து ஏறிய எங்கட தமிழ் ஆக்கள் கையசைத்துவிட்டு முந்திப் போனார்கள்.

இருக்கை இரண்டுதான். பின்னால் பைகள் வைக்க ஒரு இடம். அதில் ஐயாவின் தகப்பன் மூன்று பிள்ளைகளை அடுக்குவாராம். நாடு முழுக்க அப்படித்தான் ஏற்றியிருக்கிறார்கள். 1938இல் பின்பக்கத்துக் கட்டை வில்தகடுகளை மாற்றி நீளமானவை போட்டார்கள். எங்களுடையது பழைய கட்டை வகை. ஒருமுறை என் மனைவியையும் மகளையும் சேர்த்து ஏற்றினேன். வால் தாழ்ந்த தாழ்வைப் பார்த்து மனைவியே இறங்கிவிட்டாள்.

முதலாம், இரண்டாம் கியருக்குச் சிங்ரோமெஷ், அதாவது பற்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. கியரை இறக்கும்போது கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும். ஐயாவால் இப்போது வண்டிக்குள் குனிந்து ஏற முடியாது. சனிக்கிழமைகளில் நான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். கியர் கரகரத்தால் மேல்மாடி பால்கனியிலிருந்து கைத்தடி கம்பியில் இரண்டு தட்டுத் தட்டும்.